கம்பத்திலிருந்து தார்சா வரை: நெல்லையில் வீட்டு ஃபைபர் இணைப்பு வேலை எப்படி?

பாளையங்கோட்டையிலோ நெல்லை டவுனிலோ வீட்டுக்கு ஃபைபர் போடலாம் என்று விசாரித்தால், எத்தனை எம்பிபிஎஸ், மாதம் எவ்வளவு, எந்தெந்த ஓடிடி சேர்த்தி என்றுதான் பேச்சு ஓடும். அந்தக் கணக்கில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லார் பில்லிலும் உண்டு. வித்தியாசம் எல்லாம் தெருக் கம்பத்துக்கும் உங்கள் தார்சாவுக்கும் (வீட்டின் முன்கட்டு) நடுவே உள்ள முப்பது நாற்பது மீட்டரில்தான் கிடக்கிறது. அந்தத் தூரத்தில் கேபிள் யார் சுவரைத் தொடுகிறது, யார் தட்டட்டிக்கு (மொட்டைமாடி) மேலே போகிறது, போவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இதை வைத்தே இணைப்பு ஐந்து வருடம் நிற்குமா, பக்கத்து வீட்டு அடுத்த வெள்ளையடிப்பில் அறுபடுமா என்று சொல்லிவிடலாம். இங்கே மதிப்பிடுவது அந்த வேலையைத்தான்.

நம் பக்கம் இணைப்பு மூன்று வழியில் வருகிறது. முதலாவது பி.எஸ்.என்.எல். பாரத் ஃபைபர். நிறுவனம் அதுவானாலும் வீடு வரைக்கும் இழுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பங்குதாரர். பல இடங்களில் அவர் பழைய கேபிள் டிவிக்காரர். அடுத்தது நாடு முழுக்க இருக்கிற தனியார் நிறுவனங்கள்; இவர்களுக்கு ஒப்பந்தக் குழுக்கள் வந்து வேலை பார்க்கின்றன. மூன்றாவது, உள்ளூர் கேபிள்காரரே ஓர் இணையச் சேவை நிறுவனத்தோடு சேர்ந்து கொடுப்பது. மூன்றிலும் உள்ளே ஓடும் தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே கண்ணாடி இழையில் இறங்குவதற்கு 2.5 ஜிகாபிட், ஏறுவதற்கு 1.25 ஜிகாபிட், அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கிறார்கள். ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். வெளிச்சத்தைப் பங்கு போடுவதோடு அதன் வேலை முடிந்தது.

முதலில் கேபிளைக் கையில் வாங்கிப் பாருங்கள். கறுப்பாக, பட்டையாக, 5 மி.மீ. அகலமும் 2 மி.மீ. கனமுமாக இருக்கும். ஒரு ஓரத்தில் 1 மி.மீ. ஸ்டீல் கம்பி. ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கீறி இழுத்தால் அந்தக் கம்பி தனியே பிரிந்து வரும். மிச்சம் 3 மி.மீ. பட்டை. அதன் நடுவில்தான் மயிரிழை மாதிரி ஃபைபர், இரண்டு பக்கமும் காவலுக்கு ஒவ்வொரு மெல்லிய கம்பி. பாரம் தாங்க வேண்டியது ஓரத்து ஸ்டீல் மட்டும். கம்பத்திலும் வீட்டிலும் அதைப் பிரித்தெடுத்துக் கிளாம்பில் மாட்ட வேண்டும். அவசரக்காரர்கள் கேபிளை மொத்தமாக ஜன்னல் கிரில்லில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆடிக்காற்று ஒரு மாதம் ஆட்டினால் போதும், முடிச்சுக்குள் ஃபைபர் நசுங்கி வெளிச்சம் கசியும். முதலில் சாயங்காலம் மட்டும் விட்டு விட்டு வரும், பிறகு மோடத்தில் சிவப்பு லைட் நிலையாக நின்றுவிடும்.

அந்த ஸ்டீல் கம்பி இன்னொரு விதத்திலும் கவனிக்க வேண்டிய சமாச்சாரம். ஃபைபரில் கரண்ட் ஓடாது, ஸ்டீலில் ஓடும். மின்வாரியக் கம்பத்தில் லோ டென்ஷன் கம்பிக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டியிருந்து, காற்றில் உரசி மேலுறை கிழிந்தால், உங்கள் வீட்டுக் கொக்கி வரைக்கும் மின்சாரம் வர வழி இருக்கிறது. மின்கம்பி பக்கத்தில் போகிற வழி என்றால், ஸ்டீலுக்குப் பதில் எஃப்.ஆர்.பி. எனப்படும் கண்ணாடிநார்க் குச்சி வைத்த கேபிளைத்தான் போட வேண்டும் என்று கேளுங்கள். மின்கம்பத்தில் ஏற நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தக் குழுவை ஏணி வைக்கவிடாதீர்கள்.

இனி அக்கம்பக்கத்துக்கு வருவோம். சண்டையில் பாதி ஆணியில் ஆரம்பிக்கிறது. டவுனிலும் மேலப்பாளையத்திலும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பழைய சுவர் ஒன்றரை அடி கனம், செங்கலும் சுண்ணாம்புக் காரையும். அதில் காங்கிரீட் ஆணிக் கிளிப்பை அடித்தால் முதல் அடியிலேயே காரை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். கிளிப் பிடிக்கவில்லை என்று அரை அடி தள்ளி இன்னொன்று அடிப்பார்கள். ஐப்பசி மழை இறங்கியதும் ஒவ்வொரு ஆணியிலிருந்தும் துரு வடிந்து வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடு விழும். அதற்கடுத்த வெள்ளையடிப்பில் கொத்தனார் கேட்பார், அண்ணாச்சி இந்த வயரைப் பிடுங்கிரட்டா என்று. அவர் பிடுங்கியது தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு ஒரே நல்ல மாற்று, உங்கள் மாடியில் உங்கள் சொந்தப் பைப். ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப் பத்தடி. கைப்பிடிச் சுவரின் உள்பக்கமாக நிறுத்தி இரண்டடி இடைவெளியில் இரண்டு கிளாம்ப், கிளாம்புக்கு இரண்டு 10 மி.மீ. ஆங்கர் போல்ட். நாலரை இஞ்ச் கைப்பிடிச் சுவராக இருந்தால் அதில் மாட்ட வேண்டாம், காற்றுக்குச் செங்கலோடு வந்துவிடும். மாடிப்படி அறையின் ஒன்பது இஞ்ச் சுவரில் மாட்டுங்கள். மேல்வாயை மூடி போட்டு அடைக்க வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் இறங்கி அடியில் துரு பிடிக்கும். தளத்திலிருந்து பத்தடி உயரத்தில் லைன் கம்பத்துக்குப் போனால் பக்கத்து வீட்டுச் சுவரை எங்குமே தொடாது. இந்தப் பைப் செலவை நிறுவனம் தராது, உங்கள் கையிலிருந்துதான். நாலு தடவை கேபிள் மாற்றுவதைவிடவும், பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை நின்றுபோவதைவிடவும் இது மலிவு.

ஆனால் தொடாமல் போனாலும் மேலே போகிறது என்பது மறக்கக் கூடாத விஷயம். பக்கத்துத் தட்டட்டியில் வற்றல் காயும், துணி காயும், பிள்ளைகள் ஓடுவார்கள். கழுத்து உயரத்தில் ஒரு கறுப்புக் கம்பி சாயங்கால இருட்டில் கண்ணுக்கே தெரியாது. அவர்கள் தளத்துக்கு மேலே எட்டடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கேபிள் நடுவில் தொங்கும் இடத்தில் அளந்தால்தான் அது சரியான அளவு. கம்பத்துக்கும் உங்கள் பைப்புக்கும் தூரம் 50 மீட்டரைத் தாண்டினால் இந்தப் பட்டைக் கேபிளை ஒரே இழுவையில் விடவே கூடாது. தொய்வும் கூடும், கண்ணாடி இழைக்கு இழுவையும் கூடும். நடுவில் ஒரு கம்பம் வேண்டும். தெருவைத் தாண்டுகிற இடத்தில் அஞ்சரை மீட்டர் உயரம் கேளுங்கள். சரக்கு வண்டியே நாலு மீட்டர் வரை வரும், வைக்கோல் ஏற்றிய லாரி அதையும் தாண்டும். அறுவடைச் சமயத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் லைன் அறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

முடுக்கு வேறு மாதிரிப் பிரச்சனை. நாலு வீட்டுக்குப் பொதுவான மூன்றடிச் சந்து. எல்லாரும் நடக்கிறார்கள், ஆனால் யாருக்கு என்ன பாத்தியம் என்பது பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் இருக்கும். நடக்கவும் தண்ணீர் விடவும் பாத்தியம் என்று மட்டும் எழுதியிருந்தால், வயர் இழுக்கவும் அதே வாசகம் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பங்காளிகளிடம் தனித்தனியே கேட்க வேண்டும். இங்கே கேபிளைத் தலைக்கு மேல் தொங்கவிடுவதைவிட, உங்கள் பக்கச் சுவரில் இருபது மி.மீ. பிவிசி பைப் ஓட்டி அதற்குள் கொண்டுபோவது நல்லது. முனைகளில் எல்போ வேண்டாம், நீள வளைவு போடுங்கள். டீ கிளாஸ் வாயைவிடச் சின்ன வட்டத்தில் இந்தக் கேபிளை வளைக்கக் கூடாது. பைப்புக்குள் ஒரு நைலான் கயிறும் சேர்த்துவிட்டால் பின்னால் மாற்றும்போது சுவரைத் தொட வேண்டி வராது.

வளவில், அதாவது ஒரே வளாகத்துக்குள் பல குடித்தனம் இருக்கிற இடத்தில் குடியிருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் கேட்காமல் இணைப்புப் பதியவே கூடாது. துளை போடுவது அவர் சுவரில். மற்ற குடித்தனக்காரர்கள் சம்மதித்தது கணக்கில் சேராது.

கே.டி.சி. நகர், பெருமாள்புரம் மாதிரிப் புறநகரில் சண்டை வரும் இடம் காலி மனை. குறுக்கே இழுத்தால் கேபிள் பாதி மிச்சம் என்று குழு அப்படியே இழுத்துவிடும். மனைக்காரர் வெளியூரில் இருப்பார், கேட்க ஆளே இருக்காது. ரெண்டு வருடம் கழித்து அவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வரும்போது மேஸ்திரி முதல் நாளே அறுத்துவிடுவார், உங்களுக்குத் தகவல் வராது. தெருவோரமாகச் சுற்றிப் போக இருபது மீட்டர் கூடுதலாக ஆகும் என்றால் அந்த இருபது மீட்டருக்கு நீங்களே காசு கொடுத்தாவது சுற்றிப் போகச் சொல்லுங்கள். ஃபைபரில் இருபது மீட்டரால் வெளிச்சம் குறையாது. ஒரு மோசமான கனெக்டரில் போவதில் கால்வாசிகூட அதில் போகாது.

இன்னொரு தகராறு பெட்டியைப் பற்றியது. எட்டு வீட்டுக்குப் பிரிக்கிற பெட்டியை யாராவது ஒருவர் சுவரில் மாட்டியாக வேண்டும். முதலில் இணைப்பு எடுத்தவர் சுவர்தான் அநேகமாக அதற்கு அகப்படும். அதன்பின் தெருவில் யாருக்கு நெட் போனாலும் லைன்மேன் அவர் மாடியில் ஏறுவார். மதியத் தூக்கத்தில் கதவைத் தட்டுவார். பெட்டியை மாட்டவிடுகிறவர் முன்கூட்டியே இரண்டு விஷயம் பேசிக்கொள்ள வேண்டும்: வருவதற்கு முன் போன் செய்ய வேண்டும், பெட்டிக்குள் கரண்ட் எடுக்கும் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. சும்மா ஸ்பிளிட்டர் என்றால் கரண்ட் தேவையில்லை. சில உள்ளூர்க்காரர்கள் ஸ்விட்ச் வைத்துப் பிரிக்கிறார்கள். அதற்கு இருபத்துநாலு மணி நேரமும் உங்கள் மீட்டர் ஓடும்.

சட்டத்தைப் பற்றி லைன்மேன் சொல்வதைக் கேட்டு யாரும் பக்கத்து வீட்டில் போய் வாதாட வேண்டாம். ‘கவர்மென்ட் லைன், யாரும் தடுக்க முடியாது’ என்பது தப்பு. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் பொது இடத்தையும் தனியார் இடத்தையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. மாநகராட்சித் தெரு, புறம்போக்கு என்றால் அனுமதி வாங்குவது நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கான வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அந்த அனுமதி இருந்தால், தெருவில் போகிற லைனை எதிர்வீட்டார் தடுக்க முடியாது. தனியார் சொத்து என்றால் உரிமையாளரிடம் நிறுவனம் கேட்டு உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். அவர் மறுத்தால், பொதுநலன் என்று மத்திய அரசு முடிவெடுத்துத் தலையிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு வீட்டு நெட்டுக்காக அதெல்லாம் நடக்கும் என்று காத்திருக்க முடியாது.

பக்கத்து வீட்டார் வாயால் சரி என்று சொன்னால் அது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி வெறும் உரிமம் (லைசென்ஸ்)தான், சொத்தின் மேல் பாத்தியம் ஆகாது. பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வீட்டை விற்றுவிட்டால் வாங்கியவரை அந்தச் சம்மதம் கட்டுப்படுத்தாது. பத்து வருடமாகப் போகிற லைன் என்று புது வீட்டுக்காரரிடம் போய் உரிமை பேசினால் எடுபடாமல் போவது இதனால்தான். அவரிடம் புதிதாகக் கேட்பதே முறை.

கேட்கிற வேலையை லைன்மேனிடம் விடாதீர்கள். அவர் கையில் டிரில்லோடு போய் நிற்பார், அவசரப்படுத்துவார். முந்தின நாளே நீங்கள் போங்கள். ‘அண்ணாச்சி, நெட்டு லைன் ஒண்ணு வருது. ஒங்க செவுத்துல ஆணி அடிக்க மாட்டாங்க, தட்டட்டிக்கு மேல ஒசரமாத் தாண்டிப் போயிரும். நீங்க மாடி எடுத்தாலோ வெள்ளையடிச்சாலோ ஒரு வாரம் முன்ன சொல்லுங்க, கழட்டிருதோம்.’ இதில் மூன்று விஷயம் அடங்கியிருக்கிறது: சேதம் இல்லை, உயரம் இவ்வளவு, எப்போது எடுப்போம். அநேகமாகப் பதில் இப்படி வரும்: ‘போட்டுக்கிடும். ஆனா அந்தப் பையன் மேல ஏறும்போது வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறச் சொல்லும்.’ அதைக் குழுவிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். பெண்கள் தனியாக இருக்கிற வீட்டில் சொல்லாமல் ஆள் மாடியில் நின்றதுதான் பல இடங்களில் கோபத்தின் மூலம், கேபிள் இல்லை.

பேசியதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வது நல்லது. எந்தச் சுவர், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், ஆணி உண்டா இல்லையா, கேட்டால் எத்தனை நாளில் எடுப்பது, கழற்றி மாட்டும் செலவு யாருடையது. இவ்வளவு போதும். வேலை முடிந்ததும் லைன் போகிற வழியைப் போனில் நாலு படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். முன்பே இருந்த சுவர் விரிசலுக்குப் பின்னால் உங்கள் மேல் பழி வராமல் இருக்கவும் அந்தப் படம் உதவும்.

ஏற்கெனவே சாக்கடைக்கோ மரத்துக்கோ மனத்தாங்கல் இருக்கிற வீடு என்றால் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். வேப்பமரக் கிளை வெட்டும்போது ‘தெரியாமல்’ அறுந்தது என்று வரும். 5ஜி சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் மாடியில் சிறு ஆன்டெனா வைத்துக் கொடுக்கும் ஏர்ஃபைபர் இணைப்பு அப்படிப்பட்ட வீட்டுக்குப் பொருந்தும். ஃபைபர் அளவுக்கு நிலையாக இருக்காது. ஆனால் யார் சுவரும் தேவையில்லை.

வேலை நாளன்று பார்க்க வேண்டியது துளை. வெளியிலிருந்து உள்ளே மேல்நோக்கிச் சரிவாகப் போட வேண்டும். சமமாகப் போட்டால் மழை கேபிளோடு உள்ளே வந்து பட்டாசல் (கூடம்) சுவர் ஊறும். 8 மி.மீ. பிட் போதும். கனெக்டர் முன்பே மாட்டிய கேபிள் என்றால் பெரிய துளை வேண்டும். பழைய சுவரில் அதைத் தவிருங்கள். ஒன்றரை அடிச் சுவருக்கு நீள பிட் கொண்டுவரச் சொல்லி முதலிலேயே சொல்லாவிட்டால் இரண்டு பக்கமும் குத்தி நடுவில் சேராமல் நிற்பார்கள். துளைக்குக் கீழே கேபிள் ஒரு சாண் தொங்கி மேலேறி நுழைய வேண்டும், தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். வெளியே சிலிகான் அடைப்பு. இரண்டு மூன்று மீட்டர் உபரிக் கேபிளைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். முனை கெட்டால் வெட்டி மறுபடி மாட்ட அது வேண்டும், இல்லையென்றால் பக்கத்து மாடியில் ஏறி முழு லைனையும் மாற்ற வேண்டிவரும். பெட்டியும் மோடமும் தரையிலிருந்து நாலடிக்கு மேலே இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கம் தண்ணீர் நின்ற உயரத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முனை பச்சை நிறக் கனெக்டர். பச்சையை நீலத்தில் சொருகினால் பொருந்தியது போலவே இருக்கும், வெளிச்சம் போய்விடும். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. இழை முனைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைஸிங் மெஷினில் ஒட்டினால் வெளிச்ச இழப்பு 0.1 டிபிக்குள் (டிபி என்பது டெசிபல், இழப்பை அளக்கும் அலகு). கையால் மாட்டும் கனெக்டரில் அரை டிபி வரை போகும், நாளாக நாளாக இன்னும் கூடும். மெஷின் கொண்டுவருகிற குழுவுக்கு என் முதல் மதிப்பெண். பவர் மீட்டரில் வெளிப்பெட்டியில் ஒரு தடவை, மோடம் முனையில் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரு டிபிக்கு மேல் வித்தியாசம் என்றால் நடுவில் எங்கோ வளைவு இறுக்கமாகவோ கனெக்டர் மோசமாகவோ இருக்கிறது. மோடம் முனையில் மீட்டர் காட்டும் எண் மைனஸ் 18க்கும் மைனஸ் 24க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. சாதாரண மோடத்துக்கு மைனஸ் 27தான் விளிம்பு. அதன் பக்கத்தில் நின்றால் வாங்கிக்கொள்ளாதீர்கள், அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். புகார் என்று போனால் பதிவு எண் இல்லாமல் பேசாதீர்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமில்லாமல் எழுதலாம்.

மூன்று வழியில் எது? அக்கம்பக்கத்தை அனுசரித்துப் போவதில் உள்ளூர் கேபிள்காரரும் பி.எஸ்.என்.எல். பங்குதாரரும் முன்னே நிற்கிறார்கள். முடுக்கில் எந்த வீட்டில் யார் சம்மதிப்பார், யார் மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் பழைய டிவி கேபிள் போன வழியே புதிதும் போகும். வேலைச் சுத்தத்தில், அளந்து காட்டுவதில், உதிரிச் சாமான் தரத்தில் சில ஒப்பந்தக் குழுக்கள் மேல். ஆனால் அவர்களுக்கு இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் குறுக்கு வழியையே தேடுவார்கள். நீங்கள் கூடவே நின்று வழியைக் காட்ட வேண்டும். ஆகவே டவுன், மேலப்பாளையம், பேட்டை என்றால் உள்ளூர்க்காரர். புறநகர் என்றால் ஐம்பது மீட்டருக்குள் பெட்டி யாருடையதோ அவர். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் குரங்கு கேபிளில் தொங்கும், கடிக்கும். அங்கே யாரிடம் வாங்கினாலும் மாடியிலிருந்து இறங்கும் பகுதி முழுக்கப் பைப்புக்குள் இருக்க வேண்டும்.

டவுன்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று. ஆனித் தேரோட்டத்துக்கு முன் ரத வீதிகளில் குறுக்கே போகிற கம்பி எதுவும் நிற்காது. பதியும் முன்பே பெட்டி எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். வீதியைத் தாண்டாமல் உங்கள் பக்கத்திலேயே பெட்டி வைத்திருப்பவர் மாதம் ஐம்பது ரூபாய் கூடச் சொன்னாலும் அவரிடமே வாங்குங்கள்.